ஒரே தட்டில் இரண்டு ரகம்

ரப்பர் மரத்தைக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதைவிடப் பாடு. பிள்ளையாவது அழுது காட்டும். இது சத்தமில்லாமல் கறுத்துச் செத்துப்போகும். அக்கா தங்கை இருவரில் தங்கைக்காரிக்குத் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் அதுதான் பிழைப்பு: ஸ்பிரிட்டால் பாட்டில் மூடியைத் துடைப்பது, குருத்தை நறுக்குவது, புதுப் பாட்டிலில் நடுவது. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

அன்று அந்த அசதியில் இரண்டு ரகங்களையும் ஒரே தட்டில் வைத்து, மூடியோடு நிறுத்தாமல் பாட்டில் முழுக்கத் துடைத்துவிட்டாள். பாட்டில்மேல் மார்க்கரில் எழுதிய ரகப் பேரெல்லாம் துணியோடு போயிற்று. ஒன்று நன்றாகப் பால் கொடுக்கும் ரகம். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சோப்ளாங்கி. காற்றடித்தால் முறியும், பாலும் சொற்பம். பாட்டிலுக்குள் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல நின்றன. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பிரிக்க அங்கே வசதி கிடையாது.

மேனேஜரிடம் சொன்னாள். அவர் கொட்டாவி விட்டார்.

"நல்ல ரகத்தோட பேரையே எழுதி அனுப்பும்மா. பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும். அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

அவளுக்கும் சபலம் தட்டத்தான் செய்தது. மாதக்கணக்கில் கண் எரிய நறுக்கியவை. ஆனால் அந்தக் கன்றுகள் போகவிருந்தது சொந்த அக்காவுக்கு. வீட்டுக்காரர் போனபின் தனியாளாகத் தோட்டம் பார்ப்பவள், தங்கையின் பேச்சைக் கேட்டுப் பழைய மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டுக் காத்திருந்தாள். வேறு யாருக்கோ என்றால் எழுதி அனுப்பியிருப்போமோ என்று தோன்றியபோது தங்கைக்கு வெட்கமாக இருந்தது.

அத்தனை பாட்டில்களையும் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்குள் அடுக்கி, மூடியைத் திருகி, ஆவியில் வேகவிட்டாள். பிறகு அக்காவை போனில் கூப்பிட்டாள்.

"கன்னு இப்ப வராதுக்கா. என் தப்புதான். ரெண்டு ரகமும் கலந்துபோச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"மறுபடி எப்ப வரும்?"

"முதல்லேர்ந்து பண்ணணும். ஒன்றரை வருஷமாவது ஆகும்."

அக்காவின் குரல் உடைந்து வந்தது.

"உன்ன நம்பி வெட்டிட்டேனேடி. தோட்டமே மொட்டையா நிக்குது."

"தெரியும்க்கா."

"இருக்கிறத அனுப்பியிருக்கலாம்ல? எனக்கென்ன தெரியவா போகுது?"

"அதனாலதான்க்கா."

அக்கா போனை வைக்கவில்லை. தங்கையும் வைக்கவில்லை. ஆட்டோகிளேவ் சீறி அடங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.