பொருநைக்கு வயது ஏறிய விதம்

கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்பு, ஆகஸ்ட் ஒன்பதிலிருந்து செப்டம்பர் எட்டுக்குள், ராயப்பேட்டையில் குடியிருந்த முத்துகிருஷ்ணன், ஷண்முகப்ரியா தம்பதியின் ஒரே மகள் பொருநைக்கு நான்கு, ஐந்து, ஆறு, ஏழு ஆகிய வயதுகள் வரிசையாக நிறைந்தன. எல்.கே.ஜி.க்குப் போன பிள்ளை முன்பல் இரண்டும் விழுந்து, கவுன் இடுப்புக்கு ஏறி, பள்ளி வேனிலிருந்து தானே குதித்து இறங்கினாள். வேன் டிரைவர் பிள்ளை மாறிவிட்டதோ என்று அடையாள அட்டையைப் பார்த்தார். படம் ஒத்துப்போகவில்லை, பெயர் ஒத்துப்போனது. அவருக்கு இன்னும் ஆறு பிள்ளைகளை இறக்கிவிட வேண்டியிருந்ததால் கிளம்பிப் போய்விட்டார்.

இதில் மந்திரம், மாந்திரீகம் ஒன்றும் கிடையாது. நான்கு பிறந்தநாள் கொண்டாடினார்கள், நான்கு வயது ஏறியது, அவ்வளவுதான். ஏன் நான்கு என்று கேட்டால் அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அவள் பிறந்த விடியற்காலையில் ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம் ஐந்து ஐம்பத்திரண்டு காட்டியது. முத்துகிருஷ்ணனின் கைக்கடிகாரம் ஆறு நான்கு காட்டியது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் சித்திரை நட்சத்திரம் முடிந்து சுவாதி பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை நம்பிய முத்துகிருஷ்ணனின் அக்கா சீதாவுக்குப் பொருநை சித்திரை. கைக்கடிகாரத்தை நம்பிய ஷண்முகப்ரியாவின் தம்பி பாலகணேஷுக்கு அவள் சுவாதி. முதல் பிறந்தநாள் மொட்டையோடு போயிற்று. அடுத்த இரண்டும் வீட்டில் துக்கம் என்பதால் தேதியன்று கேசரி கிளறியதோடு முடிந்தன. நான்காவது வருடம் இரண்டு தரப்பும் சேர்த்து வைத்திருந்த ஆசையைக் காட்டின. தேதியன்று ஷண்முகப்ரியா குக்கரில் கேக் செய்தாள். அடுத்த வாரம் சித்திரையன்று அடையாறிலிருந்து சீதா வந்து அடுப்படியில் நின்று பருப்புப் பாயசம் வைத்தாள். மறுநாள் சுவாதிக்கு, கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடும் வேலையிலிருந்த பாலகணேஷ் மருமகளுக்கு தெர்மாகோலில் சிம்மாசனம் செய்து ஆட்டோவில் கொண்டுவந்தான். அந்த வருடத்தின் நான்காவது பிறந்தநாள் பள்ளியின் கைங்கரியம். 09-08 என்று பெற்றோர் எழுதிக்கொடுத்ததைப் பள்ளியின் செயலி செப்டம்பர் எட்டு என்று படித்துக்கொண்டது. டீச்சர் தன் கையாலேயே சார்ட் பேப்பரில் கிரீடம் வெட்டி, பசை ஒட்டி, தலையில் வைத்துக் கைதட்ட வைத்தார்.

விஷயத்தை முதலில் சொன்னவர் கீழ்வீட்டு ஜமீலுன்னிசா. பிளவுஸ், சுடிதார் தைப்பவர்; ஷண்முகப்ரியாவை உருதுவில் பேட்டி, அதாவது மகளே, என்றுதான் கூப்பிடுவார்; அவர் மகள் ஆஃப்ரீனும் பொருநையும் ஒரே வகுப்பு. தேதிப் பிறந்தநாளுக்கு மறுநாள் பட்டுப்பாவாடைக்கு அளவெடுத்திருந்தார். சிம்மாசனம் வந்த மறுநாள் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டவர் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். “ப்ரியா பேட்டி, என் டேப்பு பொய் சொல்லாது. போன வாரம் இருவத்திரெண்டு, இந்த வாரம் இருவத்தாறு. துணிய வெட்டட்டா, இல்ல இன்னும் வளருமா?” என்று கேட்டார். அவருக்குக் கவலை துணியைப் பற்றி மட்டுந்தான்.

ஷண்முகப்ரியா தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தாள். மற்றவர்கள் செய்துவைத்ததில் எங்கே தப்பு என்று தேடுவதுதான் அவளுக்குச் சம்பளம். காலை ஏழு பத்துக்கு மணிக்கூண்டுப் பக்கம் கம்பெனி பஸ் ஏறினால் இரவு எட்டுக்கு மேல்தான் திரும்புவாள். முத்துகிருஷ்ணன் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. மதியம் வேன் வந்ததிலிருந்து பிள்ளை வீட்டு வேலைக்கு வரும் வேலம்மாவின் பொறுப்பு. இப்படியிருக்கிற வீட்டில் ஒரு பெண் குழந்தை கண்முன்னால் நான்கு வருடத்தை விழுங்கிவிட்டால், அதில் எத்தனை நாளைத் தான் பார்த்தோம் என்ற கேள்வி தாய்க்கு வருமா வராதா? வந்தது. வந்த வேகத்தில் அது, இதை யார் செய்தது என்ற கேள்வியாக மாறிவிட்டது. மாற்றிக்கொண்டால்தான் அவளால் தூங்க முடிந்தது.

ஆபீஸ் மடிக்கணினியில் ஒரு பட்டியல் போட்டாள். தேதி, வந்தவர், கொண்டுவந்தது, ஏறிய உயரம். பிறகு சோதனை. முத்துகிருஷ்ணனைக் கடையில் கேக் வாங்கிவரச் சொல்லி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஊதவைத்துப் பார்த்தாள். பிள்ளை ஒரு நூலளவுகூட உயரவில்லை. இரண்டு வாரம் யோசித்ததில் சங்கதி பிடிபட்டது. பிறந்தநாள் என்று சொல்லி யாராவது அவளுக்காகத் தன் கையால் எதையாவது செய்தால்தான் வயது ஏறியது. காசு கொடுத்து வாங்கியது எதுவும் செல்லவில்லை. கொண்டாட்டம் இல்லாத நாட்களில் அவள் வளர்வதும் இல்லை. முந்தைய மூன்று வருடமும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறாள், ஆண்டுக்கு ஒன்று என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. உடனே சட்டம் வந்தது. இனி இந்தப் பிள்ளைக்கு யாரும் கையால் ஒன்றும் செய்யக்கூடாது, பலகாரமானாலும் சரி, காகிதப் படகானாலும் சரி.

தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர் வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் தன் பையனை இதே முறையில் பத்தாம் வகுப்புத் தேர்வுவரை கொண்டுபோய்விட முடியுமா என்று விசாரித்தார். பள்ளியோ கண்ணை நம்பாமல் காகிதத்தை நம்பியது. பிறப்புச் சான்றிதழில் நான்கு என்று இருக்கிறவரை அவள் எல்.கே.ஜி.தான் என்று சொல்லிவிட்டது. முழங்கால் மேசைக்கடியில் நுழையாததால் கடைசி வரிசையில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷண்முகப்ரியா வேலை முடிந்து வந்தபோது பொருநைக்கு எட்டு வயது நிறைந்திருந்தது.

அப்போதுதான் வீடு கெட்டது. ஷண்முகப்ரியா நான்கு நாள் லீவு போட்டு விசாரணையில் இறங்கினாள். சீதா கொரியரில் எதையோ அனுப்பியிருப்பாளோ என்று குப்பைத்தொட்டியில் கவர் தேடினாள். கணவன் கொண்டுவந்த ஜவுளிக்கடைப் பைகளை உதறிப் பார்த்தாள். வேலம்மாவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தபோது வேலம்மாவே பின்னால் நின்றிருந்தாள். “இன்னாம்மா நீ, என் டப்பாவயெல்லாம் தொறந்து பாத்துக்கினு கீற? கொயந்தைக்கு நான் இன்னா வெசமா வெக்கிறேன்?” என்றவள் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. முத்துகிருஷ்ணனுக்கும் சந்தேகம் இருந்தது. அது மச்சான் மேல். கோடம்பாக்கத்துக்காரன் கை சும்மா இருக்காது என்று சொல்லி சிம்மாசனத்தை உடைத்து மூட்டை கட்டினான். பாலகணேஷ் அதைக் கேள்விப்பட்டு அக்காவிடம் பேசுவதை நிறுத்தினான். அந்த நான்கு நாளும் பொருநை அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினாள். கட்டிலுக்கடியில் பார்த்தால் அவளும் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அது ஒரு நல்ல விளையாட்டாக இருந்தது.

ஜனவரியில் ஒன்பது நிறைந்தது. இந்த முறை ஒன்பது நாள் லீவு. கூடத்தில் ஒரு கேமரா மாட்டப்பட்டது. அதில் வேலம்மா சீரியல் பார்ப்பதும், சீரியல் பார்த்தபடி தூங்குவதும் மட்டுமே பதிவாயின. சீதா மதினி பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலை ஷண்முகப்ரியா தொடாமல் திருப்பி அனுப்பினாள். சீதா போன் செய்து தம்பியிடம், “பொங்கல் பொங்கலுக்குப் பண்ணது, பொறந்தநாளுக்கா பண்ணேன்? உன் பொண்டாட்டிக்கு யாரத்தான் நம்பிக்க இருக்கு?” என்று அழுதாள். அவனுக்கே மனைவிமேல் ஒரு கண் இருந்தது. ஒருவேளை தூக்கத்தில் எழுந்து இவளேதான் எதையாவது செய்துவைக்கிறாளோ என்று.

மார்ச்சில் ஷண்முகப்ரியா ஒரு வேலை செய்தாள். வழக்கம்போல் ஏழு பத்து பஸ்ஸில் ஏறி, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, கோயில் மண்டபத்தில் பதினோரு மணிவரை உட்கார்ந்திருந்து, வேலம்மா காய்கறி வாங்கப் போன நேரம் வீட்டுக்குள் புகுந்து, படுக்கையறைப் பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். ஒன்றரை மணிக்குப் பொருநை அறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு ஷூ டப்பாவை இழுத்தாள். டிபன் பாக்ஸ் மூடியில் ரவையும் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் பிசைந்து வட்டமாகத் தட்டினாள். நடுவில் ஒரு சிவப்பு கிரேயானைக் குத்தினாள். பழைய காலண்டர் தாளில் பல்லுப்பல்லாக வெட்டிய கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். பிறந்தநாள் பாட்டை வேலம்மாவுக்குக் கேட்காத குரலில் முழுதாகப் பாடி, எரியாத கிரேயானை ஊதி அணைத்தாள். சட்டைக் கை ஓர் அங்குலம் மேலே ஏறியது. கடைவாயில் ஒரு பால்பல் விழுந்தது. அவள் அதை எடுத்து ஷூ டப்பாவில் போட்டாள். அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்தன.

“ஏட்டி! நீயா?”

பொருநை பயப்படவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பாக, “அம்மா! அதுக்குள்ள லீவு போட்டுட்டியா?” என்றாள்.

“எதுக்குட்டி இப்டி பண்ணுத? ஒன்னால வீட்ல யாரு யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் தெரியுமா?”

“பர்த்டேன்னா நீ வீட்ல இருப்ப, கேக் பண்ணுவ. அப்புறம் நான் பெருசானாலும் வீட்ல இருந்த. மொதல்ல நாலு நாள். அப்புறம் ஒம்போது நாள்.” பத்து வயது நிறைந்து ஒரு நிமிடம்கூட ஆகாத பெண் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். “இந்தத் தடவ எத்தன நாள்மா?”

ஷண்முகப்ரியா ரவைமீது கைபட உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதமாகப் போட்ட பட்டியலில் எல்லார் பெயரும் இருந்தது. வேன் டிரைவர் பெயர்கூட இருந்தது. தன் பெயரை மட்டும் அவள் எழுதியிருக்கவில்லை. பிள்ளை வளர்ந்ததற்கெல்லாம் காரணம் தேடி அவள் போட்ட லீவுதான் பிள்ளையை வளர்த்தது. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு மேலும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாய்விட்டு அழுதாள். வேலம்மா ஓடிவந்து இருவரையும் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு அயுவுற? நீதான் சுடச்சுடப் புட்ச்சிட்டியே” என்றாள்.

மறுநாள் ஷண்முகப்ரியா ஆபீஸ் போகவில்லை. சமைத்தாள், துணி மடித்தாள், மகளுக்குப் பேன் பார்த்தாள். இப்போது சந்தேகம் பொருநைக்கு. குக்கரைத் திறந்து பார்த்தாள். பிரிட்ஜில் முட்டை குறைந்திருக்கிறதா என்று எண்ணினாள். “யாருக்குப் பர்த்டே?” என்று காலையில் கேட்டாள், மதியம் கேட்டாள். “யாருக்கும் இல்ல, சும்மா” என்று பதில் வந்தது. சும்மா ஒருத்தி லீவு போடுவாள் என்பதை அவள் நம்ப சாயங்காலம் ஆயிற்று. நம்பியபின் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். அன்றிலிருந்து மாதம் ஒரு நாள், சில மாதம் இரண்டு நாள், அந்தச் சும்மா லீவு தொடர்ந்தது. சீதா வீட்டுக்கும் கோடம்பாக்கத்துக்கும் போய் ஷண்முகப்ரியா மன்னிப்புக் கேட்டாள். சீதா உடனே மன்னித்தாள். பாலகணேஷுக்கு ஒரு தீபாவளி தேவைப்பட்டது. பொருநை அதன்பின் ஷூ டப்பாவைத் திறக்கவில்லை.

பிறந்தநாளுக்கு யாரும் கையால் ஒன்றும் செய்யாததால், அதன்பின் ஆறு வருடத்துக்கு மேல் அவளுக்குப் பத்து வயதுதான். கொரோனாவில் ஆபீஸே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபோதும் பத்து, அது திரும்பிப் போனபோதும் பத்து. வகுப்பு அவள் நின்ற இடத்தை நோக்கி மெல்ல வளர்ந்து வந்தது. ஆஃப்ரீன் அவள் தோளுக்கு வந்து, காதுக்கு வந்து, ஐந்தாம் வகுப்பில் தலைக்குத் தலை சரியாக நின்றாள். அந்த வருடம் சான்றிதழும் பிள்ளையும் ஒரே வயதைச் சொன்னதால் பள்ளி அலுவலகம் நிம்மதியடைந்தது. ஷண்முகப்ரியாவுக்குத் தன் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காலம் வேறு இல்லை. விழுங்கப்பட்ட வருடமெல்லாம் சில்லறை சில்லறையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

போன ஆகஸ்டில் சான்றிதழ்படி பதினொன்று வந்தது. இனி ஏறாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும். ஷண்முகப்ரியா காலையிலேயே போய்க் கடையில் கேக் வாங்கி, டப்பாவிலிருந்து எடுத்து வீட்டுத் தட்டில் மாற்றி வைத்தாள். பிடித்து நிறுத்திவிட முடியும் என்று அவளுக்குத் தெரியும், நிறுத்திவிடத்தான் ஆசைப்பட்டாள். பொருநை மெழுகுவர்த்தியை ஊதினாள், உயரம் பார்க்கக் கதவு நிலையில் போய் முதுகை ஒட்டி நின்றாள், திரும்பி வந்து கேக்கை ஒரு விரலால் தொட்டு நக்கினாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பட்டியல் போட்ட காலத்தில் அம்மா எல்லாரையும் பார்த்த அதே பார்வை.

“கடை கேக்காம்மா?”

ஷண்முகப்ரியா கடை டப்பாவைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.

“ஆஃப்ரீனுக்கு ஜூன்லயே பதினொண்ணு ஆயிடுச்சு. எனக்கும் வேணும்மா.”

சாயங்காலம் ஷண்முகப்ரியா மாவு சலித்தாள். முட்டை உடைத்து, வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து, கை வலிக்க வலிக்க அடித்தாள். அடிப்பதை நிறுத்த மனமில்லாமல் வேண்டியதற்கு மேலும் அடித்தாள். சீதாவும் பாலகணேஷும் ஆளுக்கொரு கடைப் பையோடு வந்து, நட்சத்திரத்தைப் பற்றி வாயே திறக்காமல் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். கேக் கொஞ்சம் அடிபிடித்திருந்தது. பொருநை இரண்டு துண்டு தின்று இரண்டு அங்குலம் உயர்ந்தாள். தட்டு எடுக்க வந்தபோது அவள் நெற்றி அம்மாவின் உதட்டுக்கு நேராக இருந்தது. குனியாமலே முத்தம் கொடுக்க முடிந்தது.

மறுநாளும் ஷண்முகப்ரியா லீவு போட்டாள்.