போசி மூடிச் சக்கரங்கள்

என்னுடையது பென்ஸ் 123. என் சகலை சுரேந்தருடையது பென்ஸ் 124. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். அந்த ஒன்றுக்காக அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து வயிறெரிந்துகொண்டிருக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 124 என்பது 123-க்கு அடுத்த தலைமுறை. என் வண்டி எண்பதுகளில் கப்பலேறி வந்தது. அவருடையது தொண்ணூறுகளில் வந்தது; ஏசி போட்டால் குளிரும். என்னுடையதில் ஏசி போட்டால் சத்தம் வரும். இருவரும் பெண் எடுத்தது ஒரே வீட்டில். அக்கா புவனா எனக்கு, தங்கை சண்முகப்பிரியா அவருக்கு. அவர்களை ஒப்பிட்டுப் பார்க்குமளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே வண்டிகளை ஒப்பிட்டேன்.

மச்சினன் மகள் அக்ஷிதாவுக்குக் கல்யாணம் முடிவானது. காரமடை வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டபத்துக்குப் பெண்ணை யார் வண்டியில் அழைத்துப்போவது? மாமனார் அப்புசாமி வாசலில் நின்ற இரண்டு பென்ஸையும் சந்தையில் மாடு பார்க்கிற கண்ணோடு சுற்றி வந்தார்.

“மூத்த மாப்பிள்ளை வண்டியில ஏத்தறதுதான் மொறைங்க. ஆனா அந்தச் சக்கரம்... போசி மூடியக் கவுத்து வெச்ச மாதிரியே இருக்குதுங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. என் இரும்புச் சக்கரத்தின் நடுவே வண்டியின் நிறத்திலேயே வட்டமாக ஒரு மூடி. கழற்றி அடுப்பில் இருக்கிற பாத்திரத்தை மூடலாம். சுரேந்தர் வண்டிக்கோ வெள்ளி மாதிரி மின்னுகிற அலாய் சக்கரம்.

“சக்கரத்த மாத்திப்போட்டா?” என்றேன்.

“மாத்திப்போட்டா உங்க வண்டிதானுங்க மாப்பிள்ளை. பேச்சே இல்லை.”

124-இன் சக்கரம் 123-இல் கச்சிதமாக உட்காரும். சிக்கல் ஒன்றுதான். அதைச் சுரேந்தரிடம் கேட்க வேண்டும். கேட்டேன். ஒரு நொடியாவது யோசிப்பார், எனக்கும் கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும் என்று பார்த்தால், மனிதர் சிரிக்கிறார்.

“தாராளமா எடுத்துக்கங்ணா. உங்களுத எனக்குக் குடுத்துப்போடுங்க. அந்த மூடி மேல எனக்கு ரொம்ப நாளாவே ஒரு கண்ணுங்க.”

நக்கல் என்று எடுத்துக்கொண்டேன்.

சக்கரங்கள் கை மாறின. அவர் தன் வண்டியை உக்கடம் ரசாக் பாய் பட்டறைக்கு விட்டார். சுரேந்தர் வண்டியைத் தொடுகிற கை என் வண்டியைத் தொடக்கூடாது என்பது என் கொள்கை. ஆகவே தொண்டாமுத்தூர் தோட்டத்தில், தென்னை மரத்தடியில், நானே ஜாக்கி போட்டு மாட்டினேன். போல்ட்டுகள் என் வண்டியுடையவைதான். இறுக்கிவிட்டு எட்ட நின்று பார்த்தேன். என் கிழவி பத்து வயது குறைந்திருந்தாள்.

அன்று மாலையே சுரேந்தர் போன் செய்தார். எடுக்கவில்லை. ‘எப்படிங்ணா இருக்குது நம்ம சக்கரம்’ என்று கேட்பார். நான் நன்றி சொல்ல வேண்டிவரும். மறுநாளும் அடித்தார். குரல் செய்திகள் வந்து விழுந்தன, திறக்கவில்லை. கடைசியில் புவனாவைக் கூப்பிட்டு, நேரில் வருகிறேன் என்றிருக்கிறார்.

“தோட்டத்துல யானை எறங்கியிருக்குது, வர வேண்டாம்னு சொல்லு” என்றேன்.

“ஏனுங்க, எங்கீங்க யானை?”

“சொல்லு சாமி. வந்தாலும் வரும்.”

கல்யாணத்தன்று காலையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். துடியலூர் தாண்டியதும் ஸ்டீரிங் லேசாக நடுங்கியது. எனக்குள்ளும் ஒரு நடுக்கம் இருந்ததால், எது யாருடையது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

காரமடை வீட்டு வாசலில் வண்டி நின்றது. மாமனார் சக்கரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அக்ஷிதா மாலையும் கழுத்துமாகப் படியிறங்கி வந்தாள். கதவைத் திறந்து பிடித்தேன். இந்த நொடிக்காகத்தானே எல்லாம்!

அப்போது சுரேந்தர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“ஏனுங்ணா, புள்ளைய ஏத்தாதீங்க!”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “என்னங்க தம்பி, சபையில வெச்சே தட்டிப் பறிக்கறீங்களா?”

அவர் முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு, ஒரு போல்ட்டை விரலால் திருகினார். விரலால்தான். அது ஜாடி மூடி மாதிரி சுழன்று கையோடு வந்தது.

தாழ்ந்த குரலில் சொன்னார்: “அலாய் தடிமனுங்ணா. உங்க போல்ட்டு குட்டை. ரெண்டு மூணு மரை கூடப் பிடிக்காது. என்ர போல்ட்டு நீளம். உங்க இரும்புச் சக்கரத்துல போட்டதும் உள்ள போய் இடிச்சு, சக்கரமே சுத்தலைங்க; அப்புறம் குட்டைப் போல்ட்டு தேடி வாங்கிப் போட்டோமுங்க. ரசாக் பாய் அப்பவே சொன்னாரு, அண்ணனக் கூப்புட்டுச் சொல்லுங்கன்னு. அன்னைலருந்து கூப்புட்டுட்டே இருக்கறனுங்க.”

பின் சீட்டில் அக்ஷிதா உட்கார்ந்து, வண்டி நாற்பதில் போய், சக்கரம் மட்டும் அறுபதில் முன்னால் ஓடுவதை மனம் ஒருமுறை ஓட்டிக் காட்டியது.

“புவனாகிட்டச் சொல்லியிருக்கலாமேங்க?”

“அக்கா உங்கள வாங்கு வாங்குன்னு வாங்கிப்போடுவாங்களேன்னுதான்...”

“என்னாச்சுங்க மாப்பிள்ளை?” என்று மாமனார் கிட்டே வந்தார்.

சுரேந்தர் சத்தமாகச் சொன்னார்: “ஒண்ணுமில்லீங் மாமா. பொண்ணு ஏறறதுக்கு முன்னாடி ஒருக்கா இறுக்கிப்போடலாம்னு அண்ணன்தான் வரச் சொன்னாங்க.”

தன் டிக்கியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். உள்ளே நீளப் போல்ட்டுகள். ‘என் வண்டியிலேயே ஏறு கண்ணு’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெண் அவருக்கு, அவமானம் எனக்கு. சொல்லவில்லை. இரண்டு பட்டு வேட்டிகளும் மண்ணில் புரள, நான் ஜாக்கியை ஏற்ற, அவர் இறுக்கினார்.

“மாமா, முகூர்த்தம் இன்னைக்குத்தானுங்களே?” என்றாள் அக்ஷிதா.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவருடைய 124-ஐப் பார்த்தேன். நாலு பக்கமும் என் போசி மூடிகள். ரசாக் பாய் அந்த வண்டியின் நிறத்திலேயே சாயம் பூசி மெருகேற்றியிருந்தார். மாமனார் அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“இதென்னுங்க இது, ராசா வண்டியாட்டம் இருக்குது!”

பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டீரிங் நடுங்கவில்லை.

“மாமா, எதுக்குங்க அந்தக் கண்ணாடியவே பாத்துட்டு வர்றீங்க?”

“பின்னாடி ஒரு வண்டி வருது கண்ணு. லட்சணமா இருக்குது.”

“அது சின்ன மாமா வண்டிங்க.”

“வண்டி அவருதுதான் சாமி,” என்றேன். “சக்கரம் என்ரது.”