அறுபது மில்லிமீட்டர் இறக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆத்திரத்திலிருந்து வந்தது. ஆற அமர யோசித்து எழுதியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. எம்டன் நகரத்துக்கு வடக்கே, என் தம்பி ஃபோல்கர்ட்டின் கொட்டகை. என்னுடைய ஸ்டேஷன் வேகனில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கின் மேல் நோட்டைச் சாய்த்துவைத்து இதை எழுதுகிறேன். கதவு திறந்திருக்கிறது. என் சக்கர நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. நான் இருக்கும் இருக்கையைவிட அது இருபத்தைந்து மில்லிமீட்டர் உயரம். அதனால் என்னால் இறங்க முடியவில்லை. ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் கதை.

(எனக்கு எப்படி நேர்ந்தது, எந்த வருடம், எந்தச் சாலை என்றெல்லாம் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை இருக்கும். கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் கிடைக்காது. அது வேறு கதை. அதை நான் எழுதுவதாக இல்லை.)

2

முதல் தொடக்கம், அடித்துவிட்டேன்: ‘என் தம்பி கெட்டவன் அல்ல.’ இப்படி ஆரம்பிக்கிற கதை மன்னிப்பில்தான் போய் முடியும். இன்றைக்கு மன்னிக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

இரண்டாவது தொடக்கம்: ‘ஸ்பிரிங் என்பது மனித மனத்தைப் போல அழுத்த அழுத்த’ [இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். மேலே போகலாம்.]

2, மறுபடியும்

எண்களில் தொடங்குகிறேன். அதுதான் என் பிழைப்பு. நான் வீப்கே, கடலணை வாரியத்தில் நீர்மட்டம் கணக்கிடுபவள். இரண்டரை சென்டிமீட்டரைப் போனால் போகிறது என்று சொல்பவரை எங்கள் அலுவலகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாற்காலி மெத்தையின் உயரம், தரையிலிருந்து 520 மில்லிமீட்டர். வண்டியின் இருக்கை, 555. நடுவில் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் சறுக்கி மாறுவேன். சமமாக இருந்தால் மாறலாம், சரிவாக இருந்தாலும் மாறலாம். மேடாக இருந்தால் முடியாது. வலது தோள் இரண்டு முறை தைத்த தோள். ஆகவே மூன்று வருடங்களாக, கையாலேயே ஓட்டும்படி மாற்றி, நாற்காலியைப் பின்னால் ஏற்றி இறக்கும் இயந்திரக் கையும் பொருத்திய வண்டி வாசலில் நின்றும், ஒவ்வொரு முறையும் யாராவது என்னைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. முக்கால்வாசி நாள் ஃபோல்கர்ட். நாற்பத்தாறு வயதுக்காரியை மாவு மூட்டை மாதிரி.

(மெல்லிய மெத்தை போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். என் தோல் புண்ணாகாமல் காப்பதே அந்த மெத்தைதான். யோசனைக்கு நன்றி.)

வண்டியை 35 மில்லிமீட்டர் இறக்கினால் போதும். திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தண்ணீர் இறைப்பு நிலையத்தில் எனக்குப் புதுப் பொறுப்பு. அங்கே வேறு ஆள் கிடையாது. தனியாக வருவேன், தனியாகப் போவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அந்த வேலையை வாங்கினேன்.

3

ஸ்பிரிங் தேர்ந்தெடுத்தது தம்பி வீட்டுச் சமையலறை மேசையில். ஃபோல்கர்ட்டுக்கு முப்பத்தொன்பது வயது. ஸ்டேஷன் வேகன்களைத் தரையோடு தரையாக இறக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக நிறுத்தி வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவன்.

“முப்பத்தஞ்சா? அக்கா, முப்பத்தஞ்சு எறக்கினா பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது.”

“பக்கத்து வீட்டுக்காரனா உக்காரப் போறான்? நான்தான் உக்காரப் போறேன்.”

“அறுபது போட்டுப் பாரு. டயர் மேல பாடி அப்படியே படிஞ்சு நிக்கும். வேகனுக்கு அதுதான் லட்சணம்.”

“உன் வண்டிக்கு நூறு போட்டுக்க. வயித்தால தேச்சிக்கிட்டுப் போ. என்னுதுக்கு முப்பத்தஞ்சு.”

“எழுதிக் குடுத்துடுங்க அண்ணி,” என்றாள் அவன் மனைவி இன்சா. “வாயால சொன்னா இவருக்கு ஏறாது.”

எழுதிக் கொடுத்தேன். முன்னால் 35, பின்னால் 35. தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மற்ற விஷயங்களில் அவனைக் குறை சொல்ல வழியில்லை. ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டு, அந்தப் பழைய ஸ்ட்ரட்டே இருக்கட்டுமே என்று நான்தான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. “ஆகாதுக்கா. சக்கரம் தொங்குறப்ப ஸ்பிரிங் லொடலொடன்னு கழண்டு நிக்கும். குட்டை ஸ்பிரிங்குக்குக் குட்டை ஸ்ட்ரட்தான்.” பின்பக்கம் நாற்காலியும் சாமான்களும் ஏறும் என்பதால் அங்கே கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் வேண்டும் என்றும் அவனே சொன்னான். முட்டாளாக இருந்திருந்தால் இந்தக் கதாபாத்திரத்தை எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். தொழில் தெரிந்தவன், என் மேல் பாசம் உள்ளவன், நான் சொன்னதைக் கேட்காதவன். மூன்றையும் ஒரே ஆளுக்குள் வைத்தால் படிக்கிறவர்கள் நம்புவார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆள் இப்படித்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கூடவே வளர்ந்தவள்.

4

நேற்று, வெள்ளிக்கிழமை, வேலை நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். பழைய ஸ்பிரிங்கைக் கவ்விகளால் இறுக்கிக் கழற்றும்போது என்னைத் தள்ளிப் போகச் சொன்னான். விடுபட்டால் முகத்தைப் பெயர்த்துவிடும். புதிய ஸ்ட்ரட், புதிய ஸ்பிரிங், மேல் தாங்கி, எல்லாம் ஒழுங்காக ஏறின. மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முறுக்கிவிட்டான்.

அதில் இருக்கும் தவறு அப்போது எனக்குத் தெரியாது. அந்த போல்ட்டுகள் ரப்பருக்கு நடுவே போகின்றன. சக்கரம் தொங்குகிற நிலையில் முறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே பிடித்துக்கொண்டு, வண்டியை முழுதாக உட்கார விடாது.

இன்று காலை வண்டி இருக்கையின் உயரத்தை டேப் வைத்து அளந்தேன். 520. அச்சுப் பிசகாமல் 520. பலகையைப் போட்டேன், சறுக்கினேன், உள்ளே இருந்தேன். யாரும் தொடவில்லை. இறங்கினேன். மறுபடி ஏறினேன். மூன்று முறை. மூன்றாவது முறை ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், ஆனால் அந்தச் சந்தோஷம் தெரியாவிட்டால் இந்தக் கோபம் உங்களுக்குப் புரியாது.

5

வண்டியில் செய்த மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்க, வாகனப் பரிசோதனை நிலையத்துக்கு நானே ஓட்டிப் போனேன், ஃபோல்கர்ட் பக்கத்தில். அங்கே பரிசோதகர் ஸ்பிரிங்கின் எண்களைப் பார்த்தார், சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பச் சொன்னார், அடியில் விளக்கடித்துப் பார்த்தார்.

“போல்ட்ட எல்லாம் சக்கரம் தொங்குறப்பவே முறுக்கிட்டீங்களா?” என்றார் தம்பியிடம். “ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. வீட்டுக்குப் போனதும் தரையில நிக்க வச்சு, தளத்தி முறுக்குங்க. அப்பத்தான் நெசமான ஒயரத்துக்கு வரும்.”

கையெழுத்துப் போட்ட தாளை ஃபோல்கர்ட் வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் போட்டான். நான் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை. என் தப்பு.

திரும்பி வந்ததும் வண்டியை, அடியிலிருந்து வேலை பார்க்கக் கொட்டகையில் வெட்டிய பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொன்னான். பின்பக்கத்திலிருந்து நாற்காலியை எடுத்து என் கதவோரம் வைத்தான். “எறங்காதக்கா. நீ உள்ள இருந்தா வெயிட்டோட நல்லா உக்காரும்.” பள்ளத்துக்குள் இறங்கினான். ஸ்பேனர் சத்தம். ஒரு போல்ட், இன்னொரு போல்ட். வண்டி ஒரு முனகலோடு தாழ்ந்தது. திறந்த கதவுக்கு வெளியே என் நாற்காலியின் மெத்தை கண்ணெதிரே மேலே போனது.

டேப்பைக் கீழே விட்டு அளந்தேன். 495.

“ஃபோல்கர்ட். எத்தன போட்ட?”

பள்ளத்தில் ஸ்பேனர் நின்றது. “அறுபது.”

“நான் எழுதிக் குடுத்தது?”

“முப்பத்தஞ்சு வர ஒரு மாசம் ஆகும்னாங்க. அறுபது கையில இருந்துச்சு.” ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம். “பாக்கவும் நல்லா இருக்குமேன்னு.”

“சரி. நான் எப்படி எறங்குறது?”

“அதுக்கு என்னக்கா? தூக்க நான் இருக்கேன்ல.”

(பின்குறிப்பு. இதை அவன் அன்பாகத்தான் சொன்னான். குரலில் கேலி இல்லை. அன்பாகச் சொன்னதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். திமிராகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். நான் 35 என்று எழுதியது அவன் கண்ணில் ஒரு எண்ணாகவே படவில்லை. தூக்கத்தான் அவன் இருக்கிறானே, எனக்கு எதற்கு எண்.)

முன்பு என்னால் ஏறத்தான் முடியாது, வீட்டிலாவது இருந்தேன். இப்போது ஏறிவிடுவேன், சரிவுதானே. இறங்கத்தான் முடியாது.

6

இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அவன் கை நீட்டி வந்தான், அடித்துத் தள்ளினேன். இப்போது கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறான்.

இன்சா தேநீர் கொண்டுவந்தாள். மூன்று கோப்பைக்குக் குறைந்தால் எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. ஆகவே கற்கண்டு போட்டு, பாலேடு விட்டு, மூன்றையும் கதவு வழியாக வாங்கிக் குடித்தேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். இந்தக் கதைக்கு அதிக நேரம் இல்லை என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

“அவர் மொகத்தப் பாருங்க அண்ணி. பாவமா இருக்கு.”

“இருக்கட்டும். மூணு வருஷமா என் மொகம் அப்படித்தான் இருந்துச்சு, யாரும் பாக்கல.”

“ஒரே நிமிஷம். தூக்கி வச்சிடுவார். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.”

போதும் என்பதற்கு எங்கள் பக்கத்து அடையாளமாகக் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டுக் கொடுத்தேன். தேநீரைச் சொன்னேனா, அவளைச் சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை.

7

முடிவுகள், கிடைத்தவரை.

அ. அவன் மன்னிப்புக் கேட்கிறான், நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறேன், அவன் தூக்குகிறான். [கழுத்தைக் கட்டிக்கொண்டால்தான் தூக்க முடியும். அதைப் பாசம் என்று எழுதுவது மோசடி.]

ஆ. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். கடலணைச் சாலை, காற்று, சுதந்திரம் என்று ஒரு பத்தி எழுதலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் யாராவது தூக்க வேண்டும். அந்தப் பத்தியில் அதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

இ. தரையில் விழுந்து, ஊர்ந்து, நாற்காலியில் தொற்றி ஏறுகிறேன். பரிசு கொடுப்பார்கள். தோளை மூன்றாவது முறை தைப்பார்கள்.

ஈ. நான்

8

[மேலே அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டதற்குக் காரணம், ஒன்று தோன்றியது.]

“டேய்.”

“என்னக்கா.”

“என்னத் தூக்காத. வண்டியத் தூக்கு.”

அவனுக்குப் புரியவில்லை. வாளியிலிருந்து எழுந்து நின்றான்.

“ஜாக்க எடுத்துட்டு வந்து இந்தப் பக்கம் குடு. டேப் என் கையில இருக்கு. இருபத்தஞ்சு ஏறினதும் சொல்றேன், நிறுத்து. நானே எறங்கிக்கிறேன்.”

“அதுக்குக் கால் மணி நேரம் ஆகும்க்கா. தூக்கினா பத்து செகண்டு.”

“கால் மணி நேரம் ஆகட்டும்.”

“வெளாடாத.”

“நாளைக்கு அறுபதக் கழட்டு. முப்பத்தஞ்சு எங்க கெடைக்குதோ தேடு. உன் கூட்டாளிங்க எவனாவது கழட்டிப் போட்டிருப்பான், போய்க் கெஞ்சு. திங்கக்கெழம ஏழரைக்கு நான் வேலைக்குப் போகணும்.”

கைகளைப் பேன்ட்டில் துடைத்தான். என்னைப் பார்த்தான். இன்சாவைப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் போனான். ஜாக் பின்சுவரோரம் இருக்கிறது. இரண்டு பேராகப் பிடித்துத் தூக்கினால் நான் திமிறினாலும் சமாளிக்கலாம் என்று அவன் யோசித்தால், அதற்கு இன்சா நிற்பதும் அங்கேதான்.

இதோ, காலடிச் சத்தம் வருகிறது. பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கப் போவதில்லை, பார்த்தாலும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஜாக்கோடு வந்தான் என்று எழுதினால், நல்ல தம்பி, பொறுமை இல்லாத அக்கா என்று சொல்லி எழுந்து போவீர்கள். வெறுங்கையோடு வந்தான் என்று எழுதினால் ஐயோ பாவம் என்று சொல்லி எழுந்து போவீர்கள். எழுந்து போவது உங்களுக்கு அவ்வளவு சுலபம்.

கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டேன். கண்ணாடியைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும், கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று முதலில் காட்டட்டும். நீங்களும்தான்.