கறுப்புத் திரையில் ஒரு கடிதம்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், இரண்டு தொலைபேசிக் கூண்டும் ஒரேயொரு கணனியும் வைத்திருந்த சின்னக் கடை அது. அங்கே தமிழில் கடிதம் அடித்துக் கொடுப்பது அருந்ததியின் வேலை. அன்று காலை கணனி எழும்பவே இல்லை. மேகம் மிதக்கும் நீலப் படம் வந்து, வந்தபடியே உறைந்து நின்றது. அவள் மவுஸை இழுத்தாள், தட்டினாள், மன்றாடினாள். அம்புக்குறி கூடத் தலை காட்டவில்லை.

எதிரே சரோஜினிதேவி அன்ரி உட்கார்ந்திருந்தா. வலது கையில் மாவுக்கட்டு. தங்கியிருந்த லொட்ஜ் குளியலறையில் சறுக்கி விழுந்து மூன்று கிழமை. மகன் ஆனந்தன் நோர்வேயிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தான். அப்பா யாழ்ப்பாணத்து நல்லூர் வீட்டை விட்டு வரமாட்டன் என்றார். பெரிய சண்டை. அன்ரி சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்கு வந்துவிட்டா. இப்போது விசா கிடைத்து, வெள்ளிக்கிழமைக்கு டிக்கெற்றும் போட்டாயிற்று.

முதல்நாள் பின்னேரம் கணவருக்கு ஒரு கடிதத்தை அன்ரி சொல்லச் சொல்ல அருந்ததி அடித்தாள். லொட்ஜில் எழுதித்தர ஆள் இல்லாமல் இல்லை. எழுதினவர் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கைதான் இல்லை. அச்செடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. காலையில் எடுக்கலாம் என்று அனுப்பிவிட்டாள்.

"பன்ரண்டு மணிக்கு சிவபாதசுந்தரம் மாஸ்டர் பிளேன் எடுக்க இரத்மலானைக்குப் போறார், பிள்ளை. பின்னேரம் யாழ்ப்பாணத்தில, பலாலியில நிப்பார். அவரை விட்டால் வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுபோக ஒருத்தருமில்லை."

"திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ அன்ரி, நான் கையால எழுதுறன்."

அன்ரி தலையை ஆட்டினா. "முப்பது வருசத்தில ஒருநாளும் சொல்லாததை நேற்றுச் சொன்னனான். இன்னொருக்கா என்ர வாயால வராது."

மணி பத்தேகால். அருந்ததி கொட்டாஞ்சேனையிலிருந்த ஒஸ்வால்டுக்குப் போன் எடுத்தாள். துறைமுகத்துக் கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை அவனுக்கு. கடைக் கணனிக்கு ஏதாவது வந்தால் அவன்தான் வைத்தியர்; மவுஸை விட்டுக் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பழகு என்று அவளை எப்போதும் சீண்டுவான்.

"எப்பிடி வாறது? தெரு முழுக்க ஆமி, சுற்றிவளைப்பு. வீடு வீடா அடையாள அட்டை பாக்கிறாங்கள். அம்மா என்னைக் கட்டிலுக்குக் கீழ ஒளிக்காத குறை."

"அப்ப போன்ல சொல்லுங்கோ."

"மகாராணி மவுஸை விட்டு இறங்கி வருவாவா?"

"பகிடி பிறகு. அன்ரி பக்கத்தில இருக்கிறா."

அவன் குரல் மாறியது. "சரி. உன்ர படங்களை நான் இங்க இருந்து பாக்க ஏலாது. எங்க தட்டவேணும் எண்டு சொல்லவும் ஏலாது. கறுப்புத் திரை அப்பிடியில்லை. நான் சொல்லுறதை நீ எழுத்தெழுத்தா அடி, அது எழுத்திலயே பதில் சொல்லும், அதை நீ எனக்கு வாசி. அணைச்சுப் போட்டுத் திரும்பப் போடு. நீலப் படம் வர முதல் எஃப் எட்டை அமத்து."

மூன்றாம் முறை அமத்தியபோது ஒரு பட்டியல் வந்தது. அவன் சொன்ன வரியைத் தேர்ந்தாள். நீலமும் மேகமும் போய், திரை முழுக்கக் கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது அவளுக்கு.

"கடிதங்கள் இருக்கிற இடத்துக்குப் போக, சி, டி, இடைவெளி, பிறகு அதின்ர பேர். போயிட்டியா? இனி எல், எஸ்."

அடித்தாள். "இது பிழையான கட்டளையாம்."

"ஐயோ, அது எங்கட ஒஃபீஸ் மெஷின்ர பாஷை! அங்க யூனிக்ஸ். உன்ரயில டி, ஐ, ஆர்."

பட்டியல் விழுந்தது. கடைக்கு வரும் எல்லாருடைய கடிதத்துக்கும் 'கடிதம்' என்றே தொடங்கிப் பெயர் வைப்பது அவள் பழக்கம். விண்டோசில் முழுப்பெயரும் தெரியும். இங்கே வால் எல்லாம் வெட்டுப்பட்டு, கடிதம் ஒன்று, கடிதம் இரண்டு என்று பதினேழு நின்றன. யாருடையது எது?

"பக்கத்தில திகதியும் நேரமும் கிடக்கும், பார்."

நேற்று, ஆறு நாற்பது. ஒன்றுதான். திறக்கும் கட்டளையை அவன் சொல்ல, அடித்தாள். திரை நிறைந்தது. ஆனால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. எம், டி, அரைப்புள்ளி, பெரிய ஜி, எஸ்... இங்கிலிஸ் எழுத்துகளை யாரோ வாரி இறைத்த மாதிரி. அன்ரி எட்டிப் பார்த்து முகம் வெளுத்தா.

"தமிழ் எழுத்து விண்டோசுக்குள்ள இருக்குது," என்றான் ஒஸ்வால்ட், சோர்ந்து. "கறுப்புத் திரைக்கு அது தெரியாது. அச்செடுத்தாலும் இதுதான் வரும்."

அருந்ததியின் விரல்கள் மேசைமேல் தாமாக அசைந்தன. எம் அடித்தால் அ. டியும் அரைப்புள்ளியும் ன். இந்த விசைகளை அழுத்தித்தானே நான்கு வருசமாகத் தமிழ் அடிக்கிறாள்! கண்ணுக்குத் தெரியாததை விரல் வாசித்தது.

"அன்புள்ள ஆனந்தனின் அப்பாவுக்கு," என்றாள்.

அன்ரி நிமிர்ந்தா.

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, தாள்களை எடுத்து, மெல்ல வாசித்து வாசித்து எழுதினாள். மாமரத்துக்குத் தண்ணீர் விடுகிறீர்களா, இரவில் வெறும் பாணைத் தின்றுவிட்டுப் படுத்துவிடாதேங்கோ, அன்றைக்குக் கோபத்தில் நான் சொன்னது ஒன்றையும் மனதில் வைக்காதேங்கோ. நேற்று விக்கி விக்கிச் சொன்ன வரிகளை இன்று இன்னொருத்தியின் குரலில் அன்ரி கேட்டுக்கொண்டிருந்தா. ஓரிடத்தில், "நானோ இப்பிடிச் சொன்னனான்?" என்று கேட்டுச் சிரித்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா.

நான்காம் பக்கத்தில், 'டிக்கெற் வெள்ளிக்கிழமைக்கு. அதுக்கு முதல்' என்பதோடு எழுத்து நின்றுவிட்டது. அதுவரைக்கும்தான் சேமித்திருந்தாள், மிச்சத்தைக் கரண்ட் கொண்டுபோய்விட்டது.

அந்த மிச்சம் அருந்ததிக்கு மறக்கவில்லை. அதுக்கு முதல் நீங்கள் வா எண்டு ஒரு வரி எழுதினால், நான் போகமாட்டன்.

"எனக்கு ஞாபகம் இருக்குது அன்ரி. எழுதட்டா?"

"வேண்டாம். பேனையை இஞ்ச தா."

தாள் வழுக்காமல் அருந்ததி பிடித்துக்கொள்ள, அன்ரி இடது கையால் எழுதினா. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. அதுக்கு முதல் நான் வந்திடுவன். வாசல் படலையைப் பூட்டாதேங்கோ.

மை காய ஊதிவிட்டு மடித்தா. "பலாலி பிளேனுக்கு எங்க பதியிறது எண்டும் மாஸ்டரிட்டயே கேக்கிறன்," என்று எழும்பி, செருப்புச் சத்தம் கேட்க ஒழுங்கையில் விரைந்து போனா.

ரிசீவரைக் காதில் வைத்தாள். அவன் இன்னும் அங்கேதான் இருந்தான்.

"முழுக்க வந்ததா?"

"கடைசி வரி வரேல்லை."

"ஐயோ, பாவம் மனுசி."

"இல்லை," என்றாள் அருந்ததி. "வராமல் விட்டது நல்லதாப் போச்சு. ஆமி போனாப் பிறகு வாங்கோ, சொல்லுறன்."