இரண்டு பாலத்துக்கு நடுவில் ஒரு பிக்கப்

புருஷன் லாயிங் படகை விற்றுப் பிக்கப் வண்டி வாங்கியபோதே உசுன் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். அவன் கேட்டால்தானே! மரக் கம்பெனிக்காரன் போட்ட மண்சாலை இருக்கிறதாம், இனி ஆறு எதற்காம். மரம் தீர்ந்ததும் கம்பெனி மூட்டையைக் கட்டியது. அடுத்த மழையில் ஊருக்கு மேலே ஒரு பாலம் இடிந்தது, கீழே ஒரு பாலம் இடிந்தது. இப்போது அந்த வண்டி இரண்டுக்கும் நடுவிலுள்ள துண்டுச் சாலையில் போகும், திரும்பி வரும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

உசுனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் இருப்பது ஆளா மரமா என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் ஆபரேஷன் தேதி இரண்டு முறை தவறிவிட்டது. இனியும் தள்ளினால் பார்வை திரும்புவது சந்தேகம் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

இந்தத் தடவை லாயிங் அவளை இடிந்த கீழ்ப்பாலம் வரை பிக்கப்பில் கொண்டுபோய் இறக்கினான். கீழே ஆற்றில் ஊர்க்காரன் ஜாவ் படகோடு நின்றான்.

"நம்ம படகுதானே இது?" விளிம்பைத் தடவிப் பார்த்துக் கேட்டாள் உசுன்.

"இப்போ அவனோடது."

"வித்த படகுலயே ஓசி சவாரி. வெக்கமா இல்லையாய்யா?"

ஜாவ் சிரித்தான். "விடுங்கக்கா, அண்ணனுக்கு வண்டி இருக்குல்ல."

"அந்தச் சனியனையும் வித்துத் தொலைக்கச் சொல்லு."

"வாங்குறவன் எப்படி ஓட்டிட்டுப் போவான்?" என்றான் லாயிங். அவளுக்கு எரிச்சல்தான் கூடியது.

மழை பொய்த்த மாதம். ஆறு வற்றிக் கிடந்தது. நூறடி போனால் படகு தரை தட்டும். ஜாவ் மோட்டாரைத் தூக்குவான், லாயிங் குதித்துக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பான். பாறை, மணல், மறுபடி பாறை.

"நானும் எறங்குறேன்."

"உக்காரு. கண்ணு தெரியாம விழுந்து காலை ஒடச்சிக்கிட்டா அதுக்கு வேற ஆஸ்பத்திரிக்கு இழுக்கணும்."

உட்கார்ந்தபடியே திட்டினாள். பிக்கப்பைத் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், அவனைப் பெற்றவர்களையும் விடவில்லை. அவன் வாயே திறக்கவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து, மறுநாள் காலை நர்ஸ் கட்டைப் பிரித்தாள். முதலில் அவள் சட்டைப் பித்தான் தெரிந்தது. அடேயப்பா, பித்தானில் இருக்கும் ஓட்டை கூடத் தெரிகிறதே! உசுன் சிரித்துக்கொண்டே திரும்பினாள். பெஞ்சில் உட்கார்ந்தபடி லாயிங் தூங்கிக்கொண்டிருந்தான். பாதம் இரண்டும் கிழிந்து வீங்கியிருந்தன. தோளில் கயிறு அறுத்த இடத்தில் சட்டை ரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"அடுத்த மாசம் இடது கண்ணுக்கு வரணும்மா," என்றாள் நர்ஸ்.

வீடு திரும்ப ஆற்றை எதிர்த்து இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு தடவை இந்தப் பாறையெல்லாம்.

"எனக்கு ஒரு கண்ணு போதும்மா," என்றாள் உசுன். "நான் வரல."

லாயிங் கண்ணைத் திறந்தான். வழி நெடுகத் திட்டு வாங்கியும் உயராத குரல் இப்போது உயர்ந்தது.

"அவ கெடக்கா. நீங்க தேதியப் போடுங்கம்மா."