மழைக்கு ஒதுங்கிய ரொசெந்தோ

பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் கரகரப்பு மழைதான். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் காலிசியாவில் மழை அதிகம். அதனால் அங்குள்ள தட்டுகளில் கரகரப்பும் அதிகம். அந்தப் பக்கத்து ஆட்கள் தோல்பையில் காற்றை அடைத்துக் குழல் வாசிப்பார்கள். கைத்தா என்று பெயர். அந்தத் தட்டுகளைச் செப்பனிடத்தான் நான் கும்பகோணத்திலிருந்து போயிருந்தேன். எங்கள் ஊர் நாகஸ்வரத் தட்டுகளில் வெயில் மட்டும் அடிக்கும். வித்வான்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிட்டால் வந்து வாசித்துவிடுவார்கள்.

என்னோடு வேலை பார்த்தவள் சபேலா. அவள் தட்டைத் துணியால் துடைப்பாள். நான் துணியைப் பிழிந்து, வாளி நிறைந்ததும் முற்றத்தில் கொட்டுவேன். பெரும்பாலான தட்டுகளில் சில வாளிகளிலேயே மழை விட்டுவிடும்.

ரொசெந்தோவின் தட்டு அப்படியில்லை. கிராமஃபோன் வந்த புதிதில் வல்தோமிர் என்ற மலையூரில் பதிவானது. பாதிப் பாட்டில் மழை வலுத்ததும் ரொசெந்தோ கைத்தாவை அணைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். மேளம் வாசித்த அவருடைய மைத்துனன் அமாரோ மட்டும் நனைந்தபடி தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அடிக்கிறான். தட்டைப் போடும்போதெல்லாம் அடி இளைத்துக்கொண்டே வந்தது.

“பாட்டு இருக்கிற வரைக்கும் வெச்சுக்கிட்டு மீதியை வெட்டிடலாம், வடிவு,” என்றாள் சபேலா. “வெறும் மேளத்தை யார் கேப்பாங்க?”

“வெட்டினா அவன் எங்கே போவான்?”

அவள் உள்ளே போய் இன்னொரு துணி எடுத்துவந்தாள்.

நான் கிராமஃபோன் குழாயில் வாய் வைத்து அமாரோவைக் கூப்பிட்டேன். “கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கயேன்.”

“நிறுத்தினா மச்சான் திரும்பி வந்து எந்த எடத்துல சேருவாரு?” என்றான், தாளம் பிசகாமல். “தெகைச்சு நிப்பாருல்ல?”

“அவர் எங்கே?”

“மாட்டுக்கொட்டகைப் பக்கம். மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது.”

அந்த வாரம் முழுக்கத் துடைத்தோம். முற்றம் நிரம்பி, பக்கத்து வீட்டு வாத்துகள் குடிவந்தன. சபேலாவின் தோள்பட்டை வீங்கியது, இடக்கைக்கு மாறினாள். என் உள்ளங்கை தோலுரிந்தது, துணி சுற்றிக்கொண்டேன். கடைசியில் மழை தூறலானது. ரொசெந்தோ கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். அப்போதும் வாசிக்கவில்லை.

“மழைதான் குறைஞ்சுபோச்சே?” என்றேன்.

“குழல்ல வெச்சு ஊதுற சீவாளி ஊறிப் பிளந்துபோச்சும்மா.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அன்னிக்கே போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் நிறுத்தியிருப்பான். சொல்ல வெக்கமா இருந்துது. இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?”

மேளம் இப்போது விரல் நகத்தால் தட்டுவதுபோலத்தான் கேட்டது.

என் பையில் நாகஸ்வரச் சீவாளிக் கொத்து ஒன்று இருந்தது. கைத்தாவுக்கு அவற்றின் அகலம் அதிகம். பிளேடால் சீவினேன். முதல் சீவாளி விண்டுபோனது. அடுத்தது நடுவில் பிளந்தது. சபேலா விளக்கை அருகில் பிடித்தாள். கொத்தில் மிஞ்சியிருந்த கடைசிச் சீவாளியை எடுத்தேன். அது உடையாமல் நின்றது. எச்சில் தொட்டு ஊதிப் பார்த்துவிட்டு, தட்டில் கொட்டகை இருக்கும் இடத்தில் வைத்தேன். தட்டு ஒரு சுற்று சுற்றியது. சீவாளியைக் காணோம்.

முதலில் தோல்பை மூச்சிழுத்தது. பிறகு சுருதி எழுந்தது. அதன்மேல் பாட்டு, விட்ட இடத்திலிருந்து, அமாரோவின் அடியில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது.

“இந்தக் குழைவு எங்க ஊர்ல கிடையாதே,” என்றாள் சபேலா.

“சீவாளி எங்க ஊரு,” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே துணியை வாளியில் பிழிந்தாள்.

பாட்டு முடிந்தது. “நிறுத்தலாமா மச்சான்?” என்று அமாரோ கேட்பது கேட்டது.

“நிறுத்துப்பா. வீட்டுக்குப் போ. நான் கொட்டகையைச் சாத்திட்டு வரேன்.”

அமாரோ கிராமஃபோன் குழாய் வழியாக வெளியே வந்தான். முப்பது வயதிருக்கும். அடுப்பருகே உட்காரவைத்தோம். குச்சிகளிலிருந்து விரல்கள் பிரியவில்லை. சபேலா கீரையும் கிழங்கும் போட்ட சூப்பைக் கரண்டியால் ஊட்டினாள். மூன்றாம் கிண்ணத்தில் ஒரு குச்சி கீழே விழுந்தது. சற்றுப் பொறுத்து மற்றதும் விழுந்தது. அவன் கையை விரித்து விரித்து மூடிப் பார்த்துக்கொண்டான்.

“வல்தோமிருக்கு எத்தனை மணிக்கு பஸ்?” என்று கேட்டான்.

சபேலா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பஸ் தேவைப்படவில்லை. பாட்டு முடிந்த சத்தம் கேட்டு வல்தோமிர் தானே மலையிறங்கி வந்து, மாதா கோயிலும் கஷ்கொட்டை மரங்களுமாகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. தூரம் அதிகம் என்பதால் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அமாரோ எங்களிடம் சொல்லிக்கொண்டு போய் மூன்றாவது வீட்டின் கதவைத் தட்டினான். யாரோ திறந்தார்கள்.

பின்னால் வந்த வண்டிகளுக்கு இடம்விட்டு, ஊரை ஓரமாக நிற்கச் சொன்னேன்.