கண்ணைத் துடைத்தவள்

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் கண்ணை ஒட்டி வைப்பது என்று ஒரு வேலை இருப்பதே வெளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, விடுங்கள். மயக்கம் கொடுத்தால் இமை சரியாக மூடாது, கண் காய்ந்து புண்ணாகிவிடும். அதனால் மெல்லிய பிளாஸ்திரி ஒன்றை இமைமேல் ஒட்டிவிடுவார்கள். நான் சொல்லப்போகிற நர்ஸ் அதில் கெட்டிக்காரி. அவள் ஒட்டியதைப் பிரிக்கும்போது ஒரு இமைமயிர்கூட வராது. அதனாலேயே தியேட்டரில் அவள் பிளாஸ்திரி அக்கா. பெரிய டாக்டரே அப்படித்தான் கூப்பிடுவார், அவளுக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அன்றைக்கு மேசையில் கிடந்தவள் ஒரு தையல்காரம்மா. பித்தப்பையில் கல். பாதி ஆபரேஷனில், ஒட்டிய பிளாஸ்திரியின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. நாடியும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "வயித்துக்குள்ள கை வெச்சா ஓடத்தான் செய்யும்" என்று சொல்லி மயக்க டாக்டர் அதற்கு ஒரு மருந்தைப் போட்டார். அக்கா பஞ்சால் அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தாள், விரலால் கன்னத்தையும் துடைத்தாள், புதுப் பிளாஸ்திரி ஒட்டினாள். நனைந்தால் பிடிக்காதே என்பதுதான் அவள் கவலை. அட பாவி, இந்தத் தண்ணீர் எதற்காக வருகிறது என்று கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா!

எல்லாம் முடிந்து போர்வையை எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உடம்போடு சேர்த்துச் சுற்றி வைத்திருந்த கையில், தூக்க மருந்து போகிற குழாய் கழன்று கிடந்தது. மெத்தை சொதசொதவென்று நனைந்திருந்தது. தசையைக் கட்டிப்போடுகிற மருந்து மட்டும் முன்கூட்டியே உடம்பில் ஏறிவிட்டது. கத்த முடியாது, கை கால் ஆட்ட முடியாது, ஆனால் எல்லாம் தெரியும். மயக்க டாக்டர் பேயறைந்த மாதிரி நின்றார். மறுநாள் அவரே வார்டுக்குப் போய், மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த மட்டும் நல்ல மனுஷன். ஆனால் கண்ணில் வந்த ஈரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவருக்குத் தெரிந்தால்தானே? அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதிலிருந்து பிடித்தது சனியன். குழாயைத் திறந்து கை கழுவினால், விரல் நுனியில் அந்த ஈரம் மட்டும் போகாமல் இருப்பது போலிருக்கும். தியேட்டரில் படுத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் தன்னைக் கூப்பிடுவதாகத் தோன்றும். ஒருநாள் மத்தியானம் புருஷன் சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து அவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள். அலறி எழுந்தவன், "ஏண்டி, இருக்கேனா செத்தேனான்னு பாக்குறியா?" என்றான். "நிஜமாவே தூங்குறீங்களான்னு பாத்தேன்" என்றாள். அவன் சிரித்தான். அவள் அழுதாள். அப்புறம் அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

சில மாதம் போயிருக்கும். தையல்காரம்மாவின் பழைய காயத்தில் போட்ட தையல் உள்ளே விட்டுப்போய், குடல் பிதுங்கிக்கொண்டு வந்தது. "நான் தெச்ச ஜாக்கெட் இப்படிப் பிரிஞ்சிருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா?" என்று டாக்டரிடமே கேட்டாளாம். ஆனால் ஆபரேஷன் என்றதும் ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள். குடல் இறுகிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே செய்யாவிட்டால் அழுகிப்போய் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியும் மசியவில்லை. கடைசியில் அவள் மகள்தான் தியேட்டர் வாசலுக்கு ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், அன்னிக்கு அம்மா கண்ணைத் தொடைச்சது யாரு? அவங்க இருந்தாத்தான் வருவேன்னு அடம் பிடிக்கிறாங்க."

அக்கா அவள் பின்னாலேயே வார்டுக்கு நடந்தாள்.

வார்டில் தையல்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். "அன்னிக்கு உள்ளுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தேன் சிஸ்டர். ஒருத்தருக்கும் கேக்கல. அப்ப யாரோ ஒருத்தி கன்னத்தைத் தொடைச்சா. எவ்வளவு மெதுவா! சரி, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இவ பாத்துப்பான்னு அந்த விரலையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இல்லேன்னா அங்கேயே நெஞ்சு வெடிச்சிருக்கும். அவளைக் கூட்டிட்டு வாங்க. அவ இருந்தா வர்றேன்."

நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். மகளும் கண்ணாலேயே கெஞ்சினாள். அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இவள் இந்தத் தடவையும், தனக்கு நடப்பது ஒருத்திக்குத் தெரியும் என்று நம்பித்தானே படுப்பாள்? அந்த ஒருத்திக்கு அன்றைக்கு ஒரு மண்ணும் தெரியவில்லையே!

"நான்தான் தொடைச்சேன்மா" என்றாள். "ஆனா நீங்க முழிச்சிருந்தது எனக்குத் தெரியாது. பிளாஸ்திரி நனையுதேன்னுதான் தொடைச்சேன். சத்தியமா அவ்வளவுதான்."

தையல்காரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்போ அங்க நான் தனியாத்தான் கெடந்தேனா?"

"ஆமாம்மா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இதை இப்போ சொல்லலேன்னு யாரு அழுதா? அம்மா செத்தா நீங்க பொறுப்பேத்துப்பீங்களா?" என்று கத்தினாள். நியாயமான கேள்விதான்.

சத்தம் கேட்டு மயக்க டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு வழி இருக்கும்மா. தசையைக் கட்டுற மருந்து போடறதுக்கு முன்னாடி ஒரு கையில மட்டும் பட்டையை இறுக்கிட்டா, அந்தக் கைக்கு மருந்து போகாது. உடம்பெல்லாம் கட்டையாக் கெடந்தாலும் அந்தக் கை அசையும். முழிப்பு வந்தா நீங்க அமுக்கலாம். ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க."

சுவரைப் பார்த்தபடியே அவள் கேட்டாள். "யாரு பிடிப்பா?"

அவள் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். "நீயே பிடி. சும்மா ஆறுதலுக்குப் பொய் சொல்றவ கையில என் கையைக் குடுக்க மாட்டேன்."

அன்றைக்கு அக்காவுக்கு வேறு வேலை கிடையாது. கண்ணை ஒட்டியதுகூட இன்னொரு நர்ஸ்தான். அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்கள். குனிந்து காதருகே பேசினாள். "அம்மா, நான்தான். கேட்டுச்சுன்னா என் விரலை அமுக்குங்க." கை சும்மா கிடந்தது. மறுபடி கேட்டாள். விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அக்கா தூங்குறவங்களோட ஊர்க்கதை பேச ஆரம்பிச்சாச்சு" என்று துணைக்கு நின்ற டாக்டர் கிண்டலடித்தார். பெரிய டாக்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். கிண்டல் அடங்கியது.

கத்தி வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நாடி நிதானமாக ஓடியது, கண்ணில் ஈரம் கசியவில்லை, மருந்தும் ஒழுங்காகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, கேக்குதா?" என்றாள் அக்கா.

விரல்கள் மடங்கின. அவள் விரலை இறுக்கிப் பிடித்தன.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், அமுக்குறாங்க! முழிச்சிருக்காங்க!"

மயக்க டாக்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் கை மருந்துக்குப் போனது. பெரிய டாக்டர் கத்தியை எடுத்துவிட்டு அப்படியே நின்றார். அக்கா காதோடு காதாக, "தெரியுதும்மா, எனக்குத் தெரியுது, இதோ தூங்க வெச்சுடுவோம், நான் எங்கயும் போகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிடி தளர்ந்தது. அதற்குமேல் எத்தனை தடவை கேட்டும் அந்தக் கை அசையவில்லை. ஆனாலும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

குடல் பிழைத்தது. ஆளும் பிழைத்தாள்.

வெளியே வந்ததும் மயக்க டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றி, காத்திருந்த மகளிடமும் நடந்ததைச் சொன்னார். "முக்கால்வாசிப் பேருக்கு இது ஞாபகமே இருக்காது. அவங்களுக்கும் இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். சொல்லணுமா வேண்டாமான்னு நாம யோசிக்கலாம்" என்றார்.

யோசிக்க எங்கே நேரம்? தையல்காரம்மா அதற்குள் கண் விழித்துவிட்டாள். தேடினாள். பக்கத்திலேயே அக்கா நிற்பதைப் பார்த்ததும், வறண்ட வாயால் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள்.

"நடுவுல முழிச்சேனா?"

மகள் அக்காவின் தோளை அழுத்தினாள். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். அக்கா குனிந்தாள்.

"முழிச்சீங்கம்மா. கொஞ்ச நேரந்தான். என் விரலை அமுக்கினீங்க. உடனே சொன்னேன், தூங்க வெச்சுட்டாங்க."

தையல்காரம்மா நெற்றியைச் சுருக்கி எதையோ தேடிப்பார்த்தாள். அகப்படவில்லை.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

"எனக்கு இருக்கும்மா" என்றாள் அக்கா. "நீங்க தூங்குங்க."